தூக்கலா, கூடிப்போச்சா?

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்த பஸ் போடிமெட்டில் மூச்சு வாங்குகிறது. இறங்கினால் முகத்தில் குளிர்காற்று. முதுகுக்குப் பின்னால் தமிழ்நாடு, முன்னால் பூப்பாறைக்கும் மூணாறுக்கும் போகிற சாலை. வாருங்கள், இந்த டீக்கடை பெஞ்சில் உட்காருவோம். இன்று நாம் பேசப்போகும் விஷயத்துக்கு இதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது.

முதலில் காதை மட்டும் திறந்து வைத்துக்கொள்வோம். ஏலத்தோட்டத்து ஜீப்பிலிருந்து இறங்கிய பெரியவர் கேட்கிறார்: “மாஸ்டர், சக்கரை தூக்கலா ஒரு டீ.” லாரிக்காரர் ஒருவர், “சேட்டா, கடுப்பத்தில் ஒரு சாயா” என்கிறார். டிகாக்‌ஷன் அடர்த்தியாக வேண்டும் என்று பொருள். மூலையில் இருப்பவருக்கு ‘வித்தவுட்’, அதாவது சர்க்கரை இல்லாமல். டீ வருகிறது. பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையாட்டுகிறார். அவருக்குப் பக்கத்தில் அதே டீயை வாங்கிய இளைஞர் முகத்தைச் சுளித்து, “அண்ணே, சக்கரை கூடிப்போச்சு” என்று கிளாசை நீட்டுகிறார்.

இரண்டு கிளாசிலும் விழுந்தது அதே இரண்டு கரண்டிதான். ஒருவருக்கு அது ‘தூக்கல்’, இன்னொருவருக்குக் ‘கூடிப்போச்சு’. இந்த இரண்டு சொற்களையும் மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொள்வோம். சற்று நேரத்தில் தேவைப்படும்.

ஆங்கிலத்தில் ‘டூ’ என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது. இரண்டு என்ற எண்ணைச் சொல்கிற டூ வேறு. ‘மூணாறுக்கு’ என்பதில் வரும் ‘க்கு’ மாதிரி வேலை செய்கிற டு வேறு. நாம் பேசுவது கடைசியில் இரண்டு ஓ போட்டு எழுதும் டூ. பள்ளிக்கூடத்தில் நமக்கு ‘வெரி’ என்றால் மிகவும் என்று சொன்னார்கள். டூ என்றாலும் மிகவும் என்றுதான் சொன்னார்கள். ஒரே பொருளுக்கு எதற்கு இரண்டு சொல் என்று யோசித்த மூளை, தானாகவே ஒரு முடிவுக்கு வந்தது: டூ என்பது வெரிக்கு அண்ணன். வெரி குட் என்றால் நல்லது, டூ குட் என்றால் அதைவிட நல்லது. வாளையாறில் கேட்டாலும் குமுளியில் கேட்டாலும், ஏன், சென்னையில் கேட்டாலும் பத்துப் பேரில் ஒன்பது பேர் இப்படித்தான் சொல்வார்கள். நானும் கல்லூரி முடியும்வரை அந்த ஒன்பதில் ஒருவன்.

சின்னக்கானல் பக்கம் வீட்டோடு சேர்த்து இரண்டு அறைகளை வாடகைக்கு விடும் தம்பி ஒருவரை எனக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து அறை கேட்டு எழுதிய ஓர் அம்மாளுக்கு ஆசையோடு பதில் போட்டார்: காட்சி டூ குட், அறை டூ கிளீன், குளிர் டூ கோல்டு. அந்த அம்மாள் மரியாதையாகத் திருப்பி எழுதினார்: அவ்வளவு குளிர் என்றால் நாங்கள் வேறு மாதத்தில் வரட்டுமா, அறையில் ஹீட்டர் இருக்கிறதா? தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. “அண்ணே, குளிர் சூப்பரா இருக்குன்னுதானே எழுதினேன்? இவங்க ஏன் பயப்படுறாங்க?”

அந்த அம்மாள் பயந்தது நியாயம்தான். ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

வெரி, டூ இரண்டையும் இலக்கணத்தில் அடைச்சொல் வகையில் சேர்ப்பார்கள். ரேடியோவில் சத்தத்தைக் கூட்டுகிற குமிழ் இருக்கிறதல்லவா, அது மாதிரி. பாட்டு மாறாது, சத்தம் மட்டும் ஏறும். ‘சூடு’ என்ற சொல்லோடு ‘ரொம்ப’ சேர்ந்தால் சூடு சூடாகவே இருக்கிறது, அளவு ஏறுகிறது. இது வெரிக்கு அப்படியே பொருந்தும். வெரியின் வேலை அவ்வளவுதான்: அளவுகோலில் மேலே ஓர் இடத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நல்லதா கெட்டதா என்று அது சொல்லாது.

ஆனால் அந்த அளவுகோல் எது என்று கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கிருந்து வடமேற்கே ஆனைமுடி இருக்கிறது. உயரம் 2,695 மீட்டர். தென்னிந்தியாவில் அதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது, ஆகவே நமக்கு அது வெரி ஹை. அதே ஆனைமுடியைத் தூக்கிக்கொண்டுபோய் 8,849 மீட்டர் எவரெஸ்ட் பக்கத்தில் வைத்தால் மேடு என்றுதான் சொல்வார்கள். குளிரும் அப்படித்தான். மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டிலிருந்து வந்தவர் மூணாறின் சாதாரண மாலைப்பொழுதில் குல்லாய் தேடுவார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர் கைலி, அரைக்கைச் சட்டையோடு பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பார். வெரி கோல்டு என்று முதலாமவர் சொல்வது பொய்யல்ல, அவர் அளவுகோல் பாலக்காட்டில் செய்தது.

இனி டூ. இதற்கும் அளவுகோல் உண்டு, கூடவே அந்தக் கோலில் ஒரு கோடும் உண்டு. இதற்குமேல் போனால் காரியம் கெடும் என்று கிழித்த கோடு. டூ சொல்வது ‘இவ்வளவு’ என்பதை அல்ல, ‘கோடு தாண்டிவிட்டது’ என்பதை. டீ வெரி ஹாட் என்றால் நல்ல சூடு, மகிழ்ச்சியாகக் குடிக்கலாம். டீ டூ ஹாட் என்றால் நாக்கு வெந்துவிடும், இப்போது குடிக்க முடியாது. அளவு கூடிவிட்டது என்பதோடு ஒரு ‘முடியாது’ம் அதற்குள் சுருண்டு படுத்திருக்கிறது.

அந்த ‘முடியாது’ நமக்குப் புதிதல்ல. ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய ஆங்கில இலக்கணப் புத்தகத்தைப் புரட்டியவர்களுக்கு நினைவிருக்கும், வாக்கியங்களை மாற்றி எழுதும் பகுதியில் டூ வருகிற வாக்கியங்களுக்கென்றே தனிப் பயிற்சி உண்டு. டூவை எடுத்துவிட்டு ‘ஸோ... தட்... நாட்’ போட்டு எழுத வேண்டும். டூ வீக் டு வாக் என்று இருந்தால், அவ்வளவு பலவீனம், ஆகவே நடக்க முடியவில்லை என்று விரிக்க வேண்டும். டூ போன இடத்தில் ஒரு ‘நாட்’ எங்கிருந்து முளைத்தது? அது முதலிலிருந்தே உள்ளே இருந்தது. நாம் சூத்திரத்தை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோம், அந்த நாட்டை மட்டும் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

டூ வெரிக்கு அண்ணன் அல்ல என்பதற்கு ஒரு சின்னச் சோதனை செய்து பார்ப்போம். உங்கள் காலுக்கு 8ஆம் நம்பர் செருப்பு. கடைக்காரர் 7 எடுத்துக் கொடுக்கிறார். அது மிகச் சிறிய செருப்பா? இல்லை, ஊரில் பாதிப்பேர் போடுகிற அளவு. வெரி ஸ்மால் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் உங்கள் காலுக்கு அது டூ ஸ்மால். கொஞ்சமே கொஞ்சம் குறைந்தாலும் டூ வந்துவிடும், காரணம் அது உங்கள் கால் என்ற கோட்டைத் தாண்டிவிட்டது. இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். சின்னக்கானல் வட்டாரத்தில் திரிந்த அரிக்கொம்பன் யானையை எல்லோருக்கும் தெரியும். அரிசி தேடி ரேஷன் கடையை உடைத்ததால் வந்த பெயர். வெரி பிக் என்பதில் சந்தேகமே இல்லை. காட்டுக்கு அது டூ பிக்கா? காடு ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை. ரேஷன் கடை வாசல்தான் சொன்னது. (2023 ஏப்ரலில் அதைப் பிடித்துப் பெரியார் காட்டில் விட்டார்கள். அது எல்லை பார்க்காமல் கம்பத்துக்குள் நடந்தது. ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. இங்கே யாரிடம் கேட்டாலும் ஒரு மணிநேரம் சொல்வார்கள், நாம் கதைக்குள் போனால் டீ ஆறிவிடும்.)

ஆகவே டூ என்ற சொல்லைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி ‘எவ்வளவு?’ இல்லை. ‘எதற்கு?’ என்று கேட்க வேண்டும். எதற்குப் பெரிது, யாருக்குச் சூடு, எந்தக் காரியத்துக்கு நேரம் தாண்டிவிட்டது? அந்த ‘எதற்கு’ வாக்கியத்தில் இல்லாவிட்டாலும் கேட்பவர் மனதில் வந்து நிற்கும். அந்த வெளிநாட்டு அம்மாளுக்கும் அதுதான் நடந்தது. டூ கோல்டு என்று படித்ததும், எதற்கு, நாங்கள் தங்குவதற்கா என்று கேட்டுவிட்டார். டூ கிளீன் என்பதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்று எனக்கு இன்றுவரை யோசனைதான்.

சரி, தமிழில் இந்தக் கோடு தாண்டுகிற சொல் இல்லையா? அதனால்தான் நாம் தடுமாறுகிறோமா? நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். சட்டைப்பையில் மடித்து வைத்ததை இப்போது எடுப்போம். சர்க்கரை தூக்கலா இருக்கட்டும் என்றால் வேண்டிக் கேட்ட மிகுதி. சர்க்கரை கூடிப்போச்சு என்றால் வேண்டாத மிகுதி. வெரியும் டூவும் இதோ ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கின்றன.

வித்தியாசம் ஒன்றுதான். ஆங்கிலம் அந்த எச்சரிக்கையைப் பண்புச்சொல்லுக்கு முன்னால் தனிச்சொல்லாக வைக்கிறது. நாம் வாக்கியத்தின் வாலில் வினையோடு ஒட்டி வைக்கிறோம். சட்டை சின்னதாப் போச்சு. சோறு குழைஞ்சு போச்சு. நேரமாயிடுச்சு, இனி பஸ் கிடைக்காது. எங்கேயும் ‘ரொம்ப’ வரவில்லை, ஆனால் கோடு தாண்டியது கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. எல்லாப் ‘போச்சு’ம் டூ ஆகிவிடாது, கரண்ட் போச்சு என்றால் கரண்ட் போச்சு, அவ்வளவுதான். அளவைச் சொல்லும் சொல்லோடு அது சேரும்போது இந்த வேலையைச் செய்கிறது. சில சமயம் நாம் காரியத்தையே சொல்லிவிடுகிறோம்: குடிக்க முடியாத சூடு, தூக்க முடியாத பாரம், தாங்க முடியாத வலி. டூவுக்குள் ஒளிந்திருக்கும் ‘முடியாது’ நம்மிடம் வெளிச்சத்தில் நிற்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதை. இனிப்பு அதிகமானால் மலையாளத்தில் ‘மதுரம் கூடிப்போயி’. நம் ‘கூடிப்போச்சு’வின் உடன்பிறப்பு, முகச்சாயல்கூட மாறவில்லை. அதனால்தான் இந்தக் கடையில் தமிழ் இளைஞர் சொன்ன குறையை மலையாளி மாஸ்டர் திரும்பக் கேட்காமல் புரிந்துகொண்டு, கிளாசில் கொஞ்சம் டிகாக்‌ஷனை ஊற்றிக் கொடுத்தார். 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் வந்தபோது தேவிகுளம், பீருமேடு, சித்தூர் எல்லாம் கேரளத்தோடு நின்றன. தமிழ் பேசுகிறவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இத்தனை ஆண்டுகளாக இரண்டு மொழியிலும் டீ சொல்லி, இரண்டு மொழியிலும் குறை சொல்லி வருகிறார்கள்.

ஆனால் இந்த எல்லையில் ஒரு பள்ளமும் உண்டு. மறையூரில் சர்க்கரை, அதாவது நம் வெல்லம், வாங்கப் போகிறீர்கள். சரக்கு இருக்கிறதா என்று கேட்டால், “குறே உண்டு” என்கிறார் கடைக்காரர். நம் காதுக்கு அது ‘குறை’யாக விழுகிறது, அடடா கொஞ்சம்தான் போல என்று கிளம்பப் பார்ப்போம். உண்மையில் மலையாளத்தில் ‘குறே’ என்றால் நிறையவே இருக்கிறது என்று பொருள். கொஞ்சம் என்பதற்கு அவர்கள் சொல் ‘குறச்சு’. ஒரே வேரில் முளைத்த இரண்டு கிளைகள், ஒன்று மேலே போய்விட்டது. ஆங்கிலம் பேசுபவர்களுக்கும் இதே மாதிரி ஒரு பள்ளம் ‘குவைட்’ என்ற சொல்லில் உண்டு. குவைட் குட் என்று அமெரிக்கர் சொன்னால் பெரும்பாலும் பாராட்டு. இங்கிலாந்துக்காரர் சொன்னால் ‘பரவாயில்லை’ என்ற அளவுக்கு இறங்கிவிடலாம். அளவைச் சொல்லும் சொற்கள் இப்படித்தான், நின்ற இடத்தில் நிற்காது.

அவை எங்கிருந்து கிளம்பின என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. நம் ‘ரொம்ப’வையே எடுத்துக்கொள்வோம். தமிழ்ச்சொல் ர எழுத்தில் தொடங்காது என்பது பழைய விதி. அதனால் இது இரவல் சொல் என்று சந்தேகப்படுபவர்கள் இருக்கிறார்கள், மேடையில் ‘மிகவும்’ என்று மாற்றிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். பாவம், அது அசல் தமிழ்தான். ‘நிரம்ப’ என்பதன் முன்னெழுத்து தேய்ந்து ‘ரம்ப’ ஆகி, பேச்சில் உருண்டு ‘ரொம்ப’ ஆனது. குடம் நிரம்புகிறது என்ற அதே நிரம்ப. இன்றும் ‘தொட்டி ரொம்பிடுச்சு’ என்று சொல்கிறோமே. ஆக ரொம்ப நல்லது என்றால் விளிம்புவரை நிரம்பிய நல்லது.

பழந்தமிழில் இதற்கென்றே ஒரு சின்னக் கூட்டம் இருந்தது. தொல்காப்பியம் ஓரிடத்தில் நனி, தவ, உறு என்ற மூன்றுக்கும் மிகுதி என்று பொருள் சொல்லும். பிறகு வந்த நன்னூல் அவற்றோடு சால, கூர், கழி என்ற மூன்றையும் சேர்த்து ஆறாக்கியது. இதில் ‘சால’வும் நிறைவு என்ற பொருளில் கிளம்பியதுதான். கோவைப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் காதைக் கொடுங்கள்: ‘சாலா’ என்றால் ரொம்ப, ‘சாலு’ என்றால் போதும். ஒரே வேர், ஒன்று இன்னும் ஊற்று என்கிறது, இன்னொன்று கையால் கிளாசை மூடுகிறது. மலையாளத்தில் ரொம்பவுக்குப் பொதுவான சொல் ‘வளரெ’, அதற்குள் ‘வளர்’ இருக்கிறது. இன்னொன்று ‘ஏறெ’, அதற்குள் ‘ஏறு’ இருக்கிறது. நாம் நிரப்பினோம், அவர்கள் வளர்த்தார்கள், ஏற்றினார்கள்.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் நம்மைப் போலவே நிரப்பியது. ‘ஃபுல்’ என்ற சொல்லையே ரொம்ப என்ற பொருளில் பயன்படுத்தினார்கள், நன்றாகத் தெரியும் என்பதற்கு ‘ஃபுல் வெல்’ சேர்த்துச் சொல்வது இன்றும் மிச்சம் இருக்கிறது. வெரி பிரெஞ்சு வழியாக வந்த சொல். முதலில் அதற்கு ‘உண்மையான’ என்றுதான் பொருள். மெய்யாகவே நல்லவன் என்று சொல்லிச் சொல்லி, மெய் கரைந்து மிகுதி மட்டும் தங்கியது. ‘நெசமாவே நல்லா இருக்கு’ என்று நாம் சொல்லும்போதும் பாதி அதே பாதையில்தான் போகிறோம். இன்னொன்று ‘ரைட்’. தென்னிந்தியத் திருச்சபை பேராயர்களின் பெயருக்கு முன்னால் ‘ரைட் ரெவரண்ட்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ரைட்டுக்கு வலதும் இல்லை, சரியும் இல்லை. மிகவும் வணக்கத்துக்குரிய என்பதில் உள்ள ‘மிகவும்’. எத்தனையோ கல்யாணப் பத்திரிகைகளில் நம் கண்முன்னே நின்றும் நாம் அதை விசாரித்ததில்லை.

இவை ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன? தினமும் விறகு வெட்டினால் அரிவாள் மழுங்கும். எல்லாவற்றுக்கும் ரொம்ப போட்டால் ரொம்பவும் மழுங்கும். அப்போது புதிய அரிவாள் தேடுவோம், கைக்கு முதலில் அகப்படுவது பயம். மலையாளத்தில் ‘பயங்கர இஷ்டம்’ என்றால் ஆசை ரொம்ப அதிகம். நாமும் ‘பயங்கரமா சிரிச்சேன்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘டெரிப்ளி’, ‘ஆஃபுல்லி’ இரண்டும் அச்சத்தில் பிறந்து வெறும் மிகுதியாகத் தேய்ந்தவை. இதில் யாரும் யாரிடமும் கடன் வாங்க வேண்டிய அவசியம் இல்லை, பயம் எல்லா ஊரிலும் இருக்கிறது. இன்றைய பிள்ளைகளுக்குச் ‘செம’, ‘வேற லெவல்’. அவையும் மழுங்கும்.

டூ மட்டும் இந்தத் தேய்மானத்துக்கு ஓரளவு தப்பித்தது. அது பிறந்தது ‘டு’ என்ற முன்னிடைச்சொல்லிலிருந்து. ஒன்றின் மேல் இன்னொன்றைச் சேர்ப்பது அதன் ஆதிப்பொருள். ‘மீ டூ’ என்றால் ‘எனக்கும்’ என்கிறோமே, அந்த ‘உம்’தான் அதன் பழைய வேலை. மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஏற்கெனவே நிரம்பிய கிளாசில் இன்னும் ஒரு சொட்டு. வழியும். வெரியும் ரொம்பவும் விளிம்பு வரைக்கும். டூ அந்தக் கடைசிச் சொட்டு.

கிளாசைவிடப் பெரிய பாத்திரம் ஒன்று இங்கிருந்து அதிக தூரம் இல்லை. தேக்கடியில் படகேறியவர்கள் மிதந்தது அதன் நீரில்தான். முல்லைப் பெரியாறு அணை 1895இல் கட்டி முடிந்தது, அதன் முழு நீர்மட்டம் 152 அடி. 1979இல் பாதுகாப்பு அச்சம் எழுந்து மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். 2006இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அதே ஆண்டு கேரளம் சட்டத்தைத் திருத்தி 136க்கு மேல் கூடாது என்றது. 2014 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று சொல்லி 142ஐ உறுதிசெய்தது. வழக்கின் நியாயங்களை இந்த பெஞ்சில் உட்கார்ந்து நாம் தீர்க்கப் போவதில்லை. சொல்லை மட்டும் பார்ப்போம். நீர் 140 அடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் நாற்று விட்டிருப்பவர் “அணை ரொம்பிடுச்சு” என்பார், குரலில் நிம்மதி. வண்டிப்பெரியாறில் ஆற்றங்கரையில் குடியிருப்பவர் “வெள்ளம் கூடிப்போயி” என்பார், குரலில் கலக்கம். தண்ணீர் ஒன்று, அடிக்கணக்கு ஒன்று. முன்னவர் சொன்னது வெரி, பின்னவர் சொன்னது டூ. இருவரும் கோட்டை வேறு இடத்தில் கிழித்திருக்கிறார்கள், நீதிமன்றம் இத்தனை ஆண்டுகளாக விசாரித்ததும் கோடு எங்கே என்பதைத்தான்.

இதற்குப் பிறகும் ஒரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும். வெள்ளைக்காரர்களே ‘யூ ஆர் டூ கைண்ட்’ என்று நன்றி சொல்கிறார்களே, அது குறையா? இல்லை. என் தகுதிக்கு மீறிய அன்பு உங்களுடையது என்கிற பணிவு அது. கோடு அங்கேயும் இருக்கிறது, பேசுபவர் அதைத் தன் தகுதியில் கிழித்துக்கொள்கிறார். ‘நாட் டூ பேட்’ என்றால் அவ்வளவு மோசமில்லை. படம் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் ‘டூ குட்’ என்று கத்துவது நம் நாட்டு ஆங்கிலம், அதை நான் திருத்தப் போவதில்லை. நண்பர்களுக்குள் எல்லோருக்கும் புரிகிற சொல் தப்பாக முடியாது.

தப்பு எங்கே விலை கேட்கும் என்றால், நம் காதில்லாதவர் படிக்கும் தாளில். இடுக்கியிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகிறார்கள். அதற்கு ஆங்கிலத் தேர்வு எழுதுகிறார்கள், பிறகு வார்டில் இரவுக் குறிப்பும் எழுதுகிறார்கள். நோயாளியின் ரத்த அழுத்தம் வெரி ஹை என்று எழுதினால் டாக்டர் எண்ணைப் பார்ப்பார். டூ ஹை என்று எழுதினால், எதற்கு டூ, நாளைக் காலை ஆபரேஷனுக்கா என்று உடனே கேட்பார். இரண்டும் எழுத வேண்டிய குறிப்புகள்தான், எழுதுகிற கைக்கு எது எது என்று தெரிந்திருக்க வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை ‘இந்த வேலையில் டூ இன்ட்ரஸ்டட்’ என்று எழுதினால், ஆசை அளவு மீறிவிட்டது என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும்.

சின்னக்கானல் தம்பி இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். எழுதும்முன் அந்த வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறார். ‘கூடிப்போச்சு’ என்று வருகிறதா, டூ. ‘தூக்கலா இருக்கு’, ‘ரொம்ப இருக்கு’ என்று வருகிறதா, வெரி. இலக்கணப் புத்தகத்தைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்களும் செய்து பாருங்கள், இப்போதே ஒன்று தருகிறேன். பேசிக்கொண்டே இருந்ததில் உங்கள் டீ ஆறிப்போச்சு. அது வெரி கோல்டா, டூ கோல்டா? சொல்லுங்கள், அதற்குள் மாஸ்டரிடம் இன்னொன்று போடச் சொல்கிறேன்.